கடிக்கும் பழக்கம் உண்டா

எங்கள் அலுவலகத்தில் அவருக்குச் சுத்தம் என்று பெயர். நேரில் ‘சார்’, அவர் காபி எடுக்க எழுந்து போனதும் ‘சுத்தம்’. குளிப்பது, சட்டையைத் தேய்த்துப் போடுவது போன்ற சுத்தத்தில் அவர் ஒன்றும் பேர் வாங்கியவர் இல்லை. மேசையில் போன வாரத்து ரொட்டித் தூள் கிடக்கும். அவருடைய கோப்பையின் உள்பக்கம் ஆதியில் என்ன நிறமாக இருந்தது என்பது யாருக்கும் தெரியாது. அவர் சுத்தமெல்லாம் கம்ப்யூட்டருக்கு எழுதும் புரோகிராமில்தான். அதில் ஒரு வரி அசிங்கமாக இருந்தால் அன்றைக்கு அவருக்குச் சாப்பாடு இறங்காது.

நான் அங்கே போன் எடுக்கிற ஆள். மருத்துவமனைகளுக்கு ஒரு புரோகிராம் எழுதிக் கொடுத்திருப்பதுதான் எங்கள் கம்பெனியின் பிழைப்பு. நாளைக்கு டாக்டரைப் பார்க்க வேண்டியவருக்கு இன்றைக்குக் காலையிலேயே போனில் ஒரு செய்தி போகும்: இத்தனை மணிக்கு வாருங்கள், இன்னதைச் செய்துவிட்டு வாருங்கள் என்று. செய்தி போகாவிட்டாலும், தப்பாகப் போனாலும் எனக்கு அழைப்பு வரும். என் இருக்கைக்கு அடுத்தது சுத்தத்தின் இருக்கை. அதனால் அவருடைய கொள்கைகள் எல்லாம் எனக்கு மனப்பாடம். நான் ஒரு வரி புரோகிராம் எழுதியதில்லை. ஆனால் அதை எப்படி எழுதக் கூடாது என்று கேட்டால் அரை நாள் பேசுவேன்.

புரோகிராமில் ஒரு குறிப்பிட்ட வேலையைச் செய்வதற்காக எழுதும் துண்டுக்கு ஃபங்ஷன் என்று பெயர். அது சின்னதாக இருக்க வேண்டும் என்பது சுத்தத்தின் மதம். எவ்வளவு சின்னதாக என்று கேட்டால் வாயால் சொல்ல மாட்டார். எழுந்து வந்து, நம் திரையின் மேல் உள்ளங்கையை விரித்து வைப்பார். கைக்கு வெளியே ஒரு வரி எட்டிப் பார்த்தாலும் போச்சு. “நீளமா இருக்கேப்பா. வெட்டு” என்று சொல்லிவிட்டுப் போவார். எங்கள் மாடியில் எல்லாத் திரையிலும் அவருடைய கைரேகை இருந்தது. பிழைக்கத் தெரிந்த சிலர், அவர் செருப்புச் சத்தம் கேட்டதுமே எழுத்தின் அளவைக் குறைத்துவிடுவார்கள். ஃபங்ஷன் அப்படியே சுருங்கி அவர் கைக்குள் அடங்கிக்கொள்ளும். மாடியில் பாதிப் பேருக்குக் கண்ணாடி வந்ததே அவரால்தான் என்று ஒரு பேச்சு உண்டு.

பெயர் வைக்கும் விஷயத்தில் அவர் இன்னும் மோசம். புரோகிராமில் எதற்காவது ‘தற்காலிகம்’ என்று யாராவது பெயர் வைத்திருந்தால், எழுதியவரைக் கூப்பிட்டு, “இது எப்ப போகும்?” என்று கேட்பார், ஏதோ விருந்தாளியைப் பற்றி விசாரிப்பதுபோல. ‘தகவல்’ என்று வைத்திருந்தால், “எதுதான்யா தகவல் இல்ல? உன் பேர் என்ன, ஆளா?” என்பார். ஒரு பொருளுக்குச் சரியான பெயர் கிடைக்காமல் மத்தியானம் முழுக்க ஜன்னல் ஓரம் நின்று யோசித்த நாட்கள் உண்டு. அவருடைய சொந்த மகளுக்குப் பெயர் வைக்கக் குடும்பமே காத்துக் கிடந்ததாம். கடைசியில் அவர் மனைவி தானே ஒன்றை வைத்துவிட்டு, “இதுதான். மாத்த முடியாது” என்று சொல்லிவிட்டாராம்.

அந்த மனைவி பஸ் கம்பெனியில் நேர அட்டவணை போடுகிறவர். அதிகம் பேச மாட்டார். பேசினால் அது புறப்படும் நேரம் மாதிரி இருக்கும். விவாதத்துக்கு இடம் கிடையாது. அவருடைய சமையலறையில் ஒரு இழுப்பறை. அதில் ரப்பர் பேண்ட், தீர்ந்துபோன பேட்டரி, எந்தப் பூட்டுக்கென்று தெரியாத சாவிகள், ஒரு அளவு நாடா எல்லாம் ஒன்றாகக் கிடக்கும். ‘ஒரு இழுப்பறை ஒரு வேலைதான் செய்ய வேண்டும்’ என்று சுத்தம் அதைப் பிரித்து அடுக்கப் போனார். “அதுல கை வெச்சீங்கன்னா உங்களையும் அதுக்குள்ளதான் போடுவேன்” என்றார் மனைவி. வீட்டில் அவருடைய சீர்திருத்தம் அந்த மட்டோடு நின்றது. பாக்கியெல்லாம் அலுவலகத்துக்கு வந்து சேர்ந்தது.

அலுவலகத்தில் அவரை எதிர்த்துப் பேச ஒரே ஒரு ஆள்தான். அவருக்குச் சமமான வேலையில் இருந்த ஒரு அம்மாள். அந்த அம்மாளுக்குப் பிளாஸ்திரி என்று பெயர். புரோகிராம் எங்கே உடைந்தாலும் ஓடிப் போய் அதன் மேல் ஒரு வரியை ஒட்டிவிட்டு, டீ குடிக்கக் கிளம்பிவிடுவார். பார்க்கச் சகிக்காது. ஆனால் அவர் ஒட்டியது எதுவும் உரிந்து விழுந்ததில்லை.

பிளாஸ்திரி புரோகிராமுக்கு நடுவே குறிப்புகள் எழுதுவார். கம்ப்யூட்டர் அதைப் படிக்காது. பின்னால் வந்து பார்க்கும் மனிதர்களுக்காக எழுதுவது. சுத்தத்துக்கு அது பிடிக்கவே பிடிக்காது.

“புரோகிராமே தெளிவா இருந்தா குறிப்பு எதுக்கு? கதவுல ‘இது கதவு’ன்னு யாராவது எழுதி ஒட்டுவாங்களா?”

“‘தள்ளு’ன்னு ஒட்டுவாங்க சார். ‘இழு’ன்னு ஒட்டுவாங்க.”

“அது கதவு பண்ணவன் தப்பு.”

“அவன் செத்துப் போயிட்டான் சார். நான்தானே தெனமும் மூக்கை இடிச்சுக்கறேன்.”

இந்தச் சண்டை முடிந்ததே இல்லை. முடியவும் வேண்டாம் என்றுதான் நாங்கள் நினைத்தோம். மதியச் சாப்பாட்டுக்கு அது நன்றாக இருந்தது.

இப்படி இருக்கையில் பிளாஸ்திரியின் தங்கை வீடு மாறினார். சாமான் கட்ட உதவிக்குப் போகிறேன் என்று பிளாஸ்திரி லீவு போட்டார். சுத்தம் பல நாளாகக் கண் வைத்திருந்த ஒரு இடம் புரோகிராமில் இருந்தது. இப்போது அதற்குக் காவல் இல்லை.

அந்த இடத்தின் கதை இது. எங்கள் புரோகிராமை முதலில் வாங்கியது ஒரு கால்நடை மருத்துவமனை. நாய், பூனை, முயல் என்று பார்ப்பார்கள். அடுத்து வாங்கியது ஒரு பல் மருத்துவமனை, மனிதப் பல். அந்தச் சமயம் அவசரம் என்பதால், நாய்க்கு எழுதியதை அப்படியே ஒரு நகல் எடுத்து, இங்கே அங்கே நாலு வார்த்தையை மாற்றி, பல்லுக்கு வைத்துவிட்டார் பிளாஸ்திரி. ஆகவே ஒரே மாதிரி இரண்டு. மேலே ஒரு குறிப்பு: ‘இரண்டையும் தயவுசெய்து சேர்க்க வேண்டாம்.’

ஒரே விஷயத்தை இரண்டு இடத்தில் எழுதுவது சுத்தத்தைப் பொறுத்தவரை பொய் சொல்வதற்குச் சமம். அந்த வாரம் முழுக்க உட்கார்ந்து இரண்டையும் ஒன்றாக்கினார். குறிப்பை முதல் வேலையாக அழித்தார். பாதிப் புரோகிராம் காணாமல் போயிற்று. எதையாவது அழித்துவிட்டால் அவருக்கு வரும் சந்தோஷமே தனி. அன்று எல்லோருக்கும் அவரே காபி கொண்டுவந்து கொடுத்தார்.

ஒரே ஒரு சிக்கல் இருந்தது. வந்திருப்பது மிருகமா, மனிதரா என்று புரோகிராமுக்குத் தெரிய வேண்டும். செய்தி அதைப் பொறுத்து மாறும். ‘இது மிருகம்’ என்று தனியாக ஒரு இடத்தில் எழுதி வைத்தால் வேலை முடிந்தது. ஆனால் சுத்தம் அதைச் செய்வாரா? இருக்கிற தகவலிலிருந்தே கண்டுபிடிக்க முடிகிற ஒன்றைத் தனியாக எழுதி வைப்பது அசிங்கம். அவர் கண்டுபிடித்தார். நாய்க்குப் போன் கிடையாது. அதைக் கூட்டி வருகிறவரின் போன் எண்தான் பதிவில் இருக்கும். மனிதருக்கு அவருடைய எண்ணே இருக்கும். ஆக, நோயாளி ஒருவர், போன் இன்னொருவருடையது என்றால் அது மிருகம். ஒரே வரி. கை விரலுக்குள் அடங்குகிற வரி. மேனேஜரிடம் காட்டினார். மேனேஜர் எதைக் காட்டினாலும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுகிறவர். இதற்கும் தூக்கினார்.

மறுநாள் காலையில் நான் வந்து உட்காருவதற்கு முன்பே போன் அடித்துக்கொண்டிருந்தது.

“பல் ஆஸ்பத்திரி மெசேஜ் பத்தி பேசணும்” என்றார் ஒரு பெண். “என் பையனுக்கு வாய்ப்பூட்டு எந்த சைஸ் வாங்கணும்னு போடவே இல்லையே.”

எனக்கு ஒன்றும் புரியவில்லை. செய்தியைப் படிக்கச் சொன்னேன். அவர் படித்தார்: ‘உங்கள் செல்லத்துக்கு நாளை பரிசோதனை. வாய்ப்பூட்டு மாட்டி, கயிற்றைக் கையில் இறுக்கிப் பிடித்து அழைத்து வரவும். குடற்புழு மாத்திரை கொடுத்திருக்க வேண்டும். காத்திருக்கும் இடத்தில் மற்றவர்கள் மேல் பாயாமல் பார்த்துக்கொள்ளவும். கடிக்கும் பழக்கம் உண்டா? உண்டு என்றால் 1, இல்லை என்றால் 2 என்று பதில் அனுப்பவும்.’

“நான் ஒண்ணுன்னு அனுப்பிட்டேன்” என்றார் அந்தப் பெண். “போன தடவை டாக்டர் விரலைக் கடிச்சிட்டான். நீங்க ஞாபகம் வெச்சு கேட்டது ரொம்ப நல்லதுங்க.”

அவர் வைத்ததும் ஒரு ஆண் குரல். வயதான அப்பாவின் பல்லுக்காக மகன் தன்னுடைய எண்ணைக் கொடுத்திருக்கிறார். “மாத்திரையைப் பாத்ததும் முகத்தைத் திருப்பிக்கறாருங்க. ரொட்டிக்குள்ள வெச்சு குடுக்கலாமா?”

மூன்றாவதாகப் பல் மருத்துவமனையின் வரவேற்பு மேசையிலிருந்து ஒரு பெண் பேசினார். அவர் குரலில் நட்பு இல்லை. “எங்ககிட்ட வர்றவங்களை நாய்னு சொல்றீங்களாமே.”

நான் போனைக் கையால் மூடிக்கொண்டு சுத்தத்தைப் பார்த்தேன். அவர் நிம்மதியாகக் கோப்பையை வாயில் வைத்துக்கொண்டிருந்தார்.

“சார், வாய்ப்பூட்டு போடச் சொல்லி மெசேஜ் போயிருக்கு.”

“ஆமா, போகும். நாய்க்குத்தானே?”

“பல் ஆஸ்பத்திரிக்கு சார்.”

கோப்பை அப்படியே நின்றது. போன் இல்லாத மனிதர்கள் உலகத்தில் உண்டு என்பதும், குழந்தைகள் என்றொரு ஜாதி இருக்கிறது என்பதும் அவர் முகத்தில் மெதுவாகத் தெரிந்தன. சட்டென்று திரும்பி, யார் யாருக்குச் செய்தி போயிற்று, யார் என்ன பதில் அனுப்பினார்கள் என்று தன் திரையில் வரவழைத்தார். பாதி வரை வந்தவர் ஒரு வரியில் நின்றுவிட்டார். எட்டிப் பார்த்தேன். நோயாளி அவருடைய மாமியார். போன் மாமனாருடையது. பதில்: 1.

ஒரு தடவை அனுப்பினால் போதும். மாமனார் மூன்று தடவை அனுப்பியிருந்தார்.

மாமியாரைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். நல்ல மனுஷி. ஆனால் பேச ஆரம்பித்தால் எங்கே மூச்சு விடுகிறார் என்று கண்டுபிடிக்க முடியாது. மாமனார் பேச்சுக் குறைந்தவர் என்று ஊரில் சொல்வார்கள். குறைந்தவர் இல்லை, இடம் கிடைக்காதவர். கல்யாணமான நாளிலிருந்து அவரிடம் யாரும் எதற்கும் கருத்துக் கேட்டதில்லை. கேட்டது எங்கள் புரோகிராம் ஒன்றுதான்.

அதற்குள் சுத்தத்தின் கைபேசி அடித்தது. மனைவி.

“என்னங்க, வேலையா இருக்கீங்களா?”

“ம்.”

“எங்கம்மாவை என்னன்னு நெனச்சிட்டு இருக்கீங்க?”

இது அடிக்கடி வரும் கேள்வி என்பதால் அடிக்கடி சொல்லும் பதிலையே சொன்னார். “தங்கமானவங்க.”

“தங்கத்துக்கு எதுக்கு வாய்ப்பூட்டு?”

சுத்தம் தண்ணீரைத் தேடினார். “அது வந்து, நோயாளி ஒருத்தர், போன் இன்னொருத்தரோடதுன்னா...”

“அப்பா போனை அம்மா பாத்துட்டாங்க. போன தடவை வந்தப்ப வீட்ல இருக்கற உங்க கோப்பையைத் தேச்சுக் கழுவி வெச்சாங்கள்ல, அதுக்குப் பழி வாங்கறீங்கன்னு சொல்றாங்க. நாளைக்கு நீங்களே வந்து கூட்டிட்டுப் போகணுமாம். கயிறு அவங்களே கொண்டுவர்றாங்களாம்.”

“அப்பா எதாவது சொன்னாரா?”

“அப்பா என்னைக்கு எதாவது சொல்லியிருக்காரு?”

மனைவிக்குத் தெரியாதது ஒன்று சுத்தத்துக்குத் தெரிந்திருந்தது. செய்தியை மாமியார் பார்த்திருக்கிறார். அனுப்பிய பதிலைப் பார்க்கவில்லை. மாமனார் அதை அழித்திருக்கிறார்.

அன்று மதியம் கூட்ட அறையில் எல்லோரும் கூடினோம். பிளாஸ்திரி தங்கை வீட்டிலிருந்து நேராக வந்திருந்தார். தலைமுடியில் அட்டைப் பெட்டி ஒட்டும் நாடா ஒரு துண்டு இருந்தது. நடந்ததைக் கேட்டு மேசையில் தலையை வைத்துச் சிரித்தார். மேனேஜர் சிரிக்கவில்லை. சாயங்காலத்துக்குள் சரி செய்ய வேண்டும் என்றார்.

“ஒரு வரி போதும் சார்” என்றார் பிளாஸ்திரி. “எந்த ஆஸ்பத்திரின்னு பாரு. பல் ஆஸ்பத்திரியா, மனுஷன்.”

“அது ஓட்டையை அடைக்கறது. நாளைக்கு ரெண்டும் பாக்கற ஆஸ்பத்திரி வந்தா?”

“எந்த ஆஸ்பத்திரியில சார் நாயையும் மனுஷனையும் ஒரே நாற்காலியில உக்கார வெச்சு பல்லு புடுங்கறாங்க?”

சுத்தம் அசையவில்லை. மிருகம் என்றால் என்ன என்பதை முதலில் தெளிவாக்க வேண்டும் என்றார். பலகையில் கோடு கிழித்து, ஒரு பக்கம் ‘மனிதர்’, மறுபக்கம் ‘மற்றவை’ என்று எழுதினார். எடையை வைத்துப் பிரிக்கலாமா என்று ஒருவர் கேட்டார். பெரிய நாய் குழந்தையைவிடக் கனம் என்று அது விழுந்தது. வயது? ஆமை வந்தால் என்ன செய்வது என்று அதுவும் போயிற்று. வால் என்றார் இன்னொருவர். வாலைப் பற்றிப் பதிவில் தகவல் இல்லை. இனிமேல் எல்லோரிடமும் வால் உண்டா என்று கேட்டுவிடலாம் என்று மேனேஜர் சொன்னதும் நான் அவசரமாக, போன் எடுக்கப் போகிற ஆள் என்ற முறையில், வேண்டாம் என்றேன். பொழுது சாய்ந்தது. பலகையின் ‘மனிதர்’ பக்கத்தில் ஒன்றுமே எழுதப்படவில்லை.

சரி, நாளைக்குச் செய்தி போவதை மட்டும் நிறுத்தி வையுங்கள் என்று சொல்லிவிட்டு மேனேஜர் எழுந்து போனார்.

இதற்கு மேல் நடந்ததை நான் நேரில் பார்க்கவில்லை. சுத்தம் சொன்னார், அவர் விட்ட இடங்களை அவர் மனைவி பிறகு ஒரு நாள் சிரித்துக்கொண்டே நிரப்பினார்.

மறுநாள் காலையில் சுத்தம் காரை எடுத்துக்கொண்டு மாமியார் வீட்டுக்குப் போனார். மாமியார் வாசலிலேயே நின்றிருந்தார். கையில் உண்மையிலேயே ஒரு கயிறு, துணி காயப்போடுகிற கயிறு. அதைச் சுத்தத்தின் கையில் கொடுத்துவிட்டு, “புடிங்க மாப்பிள்ளை” என்று பின் இருக்கையில் ஏறிக்கொண்டார். மாமனார் முன்னால் உட்கார்ந்தார். வழி நெடுக மாமியார் பேசினார். கோப்பையைக் கழுவியது தப்பா என்று தொடங்கி, நன்றி கெட்ட உலகம் வரை வந்தார். சுத்தம் கயிற்றை மடியில் வைத்துக்கொண்டு ஓட்டினார்.

மருத்துவமனையில் கூட்டம். அவரவர் போனை நீட்டிக் காட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு சிறுமி வரவேற்பு மேசைப் பெண்ணைப் பார்த்துக் குரைத்தாள். மூலையில் ஒருவர் நிஜமான நாயோடு உட்கார்ந்திருந்தார். பெரிய பழுப்பு நாய், வாய்ப்பூட்டு, கயிறு, எல்லாம் முறைப்படி. பல்வலி அவருடைய மனைவிக்கு. ஆனால் செய்தியில் செல்லம் என்று போட்டிருந்ததால் நாயைக் கொண்டுவந்துவிட்டாராம். மனைவி வீட்டில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு இருக்கிறாராம். டாக்டரம்மாள் வெளியே வந்து, இவ்வளவு தூரம் வந்துவிட்டதே என்று நாயின் வாயைத் திறந்து பார்த்தார். இன்றைக்குப் பார்த்ததிலேயே நல்ல பல் இதுதான் என்றார்.

அப்போது சுத்தத்தின் போன் அடித்தது. பிளாஸ்திரி.

“சரி பண்ணிட்டேன் சார். ஒரே வரி.”

“யாரு பண்ணச் சொன்னா? என்ன பேர் வெச்சீங்க அதுக்கு?”

“‘நாய் இல்ல’ன்னு வெச்சேன். நாய் இல்லன்னா மனுஷ மெசேஜ்.”

சுத்தம் சுவரில் சாய்ந்தார். “பூனை?”

“பூனையும் நாய் இல்லதான்.”

“அப்ப பூனைக்கு?”

“காலையில பல் தேச்சுட்டு வரச் சொல்லிப் போகும். பரவாயில்ல விடுங்க சார். பூனை போன் பண்ணிக் கேக்காது.”

அவர் பதில் சொல்வதற்குள் உள்ளே கூப்பிட்டார்கள். மூன்று பேரும் போனார்கள். மாமியார் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தார். மாமனார் சுவரோரம் ஒரு முக்காலியில். டாக்டரம்மாள் திரையைப் பார்த்தார், மாமியாரைப் பார்த்தார், போட்டிருந்த மெல்லிய கையுறையைக் கழற்றினார். அலமாரியைத் திறந்து தடிமனான ஒரு ஜோடியை எடுத்தார்.

“அம்மா, தப்பா நெனைக்காதீங்க. இதுல இப்படிப் போட்டிருக்கு.”

மாமியார் எழுந்து திரையைத் தன் பக்கம் திருப்பிப் படித்தார். சிவப்பு எழுத்தில் இருந்தது: ‘எச்சரிக்கை: கடிக்கும். மூன்று முறை உறுதி செய்யப்பட்டது.’



“இது யார் குடுத்த தகவல்?” என்றார் மாமியார்.

மாமனார் சுவரில் தொங்கிய படத்தை, பல் எப்படிச் சொத்தையாகிறது என்று காட்டும் படத்தை, மிகுந்த அக்கறையோடு படித்துக்கொண்டிருந்தார். அவர் காது சிவந்திருந்தது.

சுத்தம் அன்றுவரை ஒரு விஷயத்தில் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. புரோகிராம் தானாக எதையும் கற்பனை செய்யாது. யாரோ சொன்னதைத்தான் சொல்லும். ‘கம்ப்யூட்டர் தப்புப் பண்ணிடுச்சு’ என்று யாராவது சொன்னால் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டுச் சண்டைக்கு வருவார். இப்போதும் உண்மையைச் சொன்னால் தப்பித்துவிடலாம். நான் இல்லை அத்தை, இதோ இவர்தான் என்று கையைக் காட்டினால் போதும்.

மாமனாரின் காதைப் பார்த்தார்.

“புரோகிராம் தானா போட்டுடுச்சு அத்தை” என்றார்.

“தானா எப்படிப் போடும்?”

“சில சமயம் போடும்.”

“மூணு தடவையா?”

“அசிங்கமான புரோகிராம் அத்தை. நான் எழுதினது.”

மாமனார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி நிதானமாகத் துடைத்தார். துடைத்து முடித்ததும் மறுபடியும் துடைத்தார். மாமியார் ஏதோ பெரிதாக ஆரம்பிக்க வாயைத் திறந்தார். திறந்த வாய் திறந்தபடி இருக்க, டாக்டரம்மாள் அந்த நேரம் பார்த்து ஊசியைப் போட்டுவிட்டார்.

ஒரு கடைவாய்ப் பல் எடுக்க வேண்டியிருந்தது. எடுத்தார்கள். பஞ்சைக் கடித்துக்கொண்டு மாமியார் வெளியே வந்தபோது பாதி முகம் அவர் பேச்சைக் கேட்கிற நிலையில் இல்லை. வாயைத் திறக்கக் கூடாது, பேசக் கூடாது, மரப்பு விடும்வரை பஞ்சை எடுக்கக் கூடாது என்று டாக்டரம்மாள் சொல்லியனுப்பியிருந்தார்.

கார் கிளம்பியது. உள்ளே அமைதி. அந்த அமைதியைச் சுத்தமும் மாமனாரும் அதற்கு முன்னால் அனுபவித்ததே இல்லை. கொஞ்ச தூரம் போனதும் மாமனார் தொண்டையைச் செருமினார்.

“அப்புறம் மாப்பிள்ளை, வேலையெல்லாம் எப்படிப் போகுது?”

சுத்தத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது. மாமனார் அவரிடம் கேட்ட முதல் கேள்வி அது. “போகுது மாமா.”

“நீங்க அதுல என்ன பண்றீங்க? சும்மா தெரிஞ்சுக்கலாம்னு கேக்கறேன். மெதுவா சொல்லுங்க, அவசரமில்ல.”

மெதுவாகச் சொல்லுங்கள் என்று அவரிடம் யாரும் சொன்னதில்லை. சுத்தம் சொல்ல ஆரம்பித்தார். வீட்டுக்குத் திரும்ப வேண்டிய முனை வந்தது. மாமனார், “நேராவே போங்க மாப்பிள்ளை, அந்தப் பக்கம் ரோடு நல்லாருக்கும்” என்றார். சுத்தம் நேராகப் போனார். ஏரியைச் சுற்றிக்கொண்டு போகிற நீளமான சாலை அது.

“எல்லாத்துக்கும் அடிப்படை என்னன்னா மாமா, ஃபங்ஷன் சின்னதா இருக்கணும். அதுலதான் எல்லாரும் கோட்டை விடறாங்க.”

“அப்படியா.”

“ஆமா. ஒரு ஃபங்ஷன்னா ஒரு வேலை. அதை முடிச்சமா, கெளம்பினமான்னு இருக்கணும். சில ஃபங்ஷன் பாத்திருக்கேன், ஆரம்பிச்சது எதுக்குன்னே மறந்துபோற அளவுக்கு நீளம். உள்ள போனா வெளிய வர வழி தெரியாது.”

பின் இருக்கையில் லேசாக ஒரு சத்தம் கேட்டது. பஞ்சாக இருக்கும் என்று விட்டுவிட்டார்கள்.

“யாரைக் கூப்பிடணுமோ அவங்களை மட்டும் கூப்பிடணும் மாமா. கண்ட கண்டதையெல்லாம் கூப்பிட்டு வெச்சா, அது ஒவ்வொண்ணும் இன்னும் நாலைக் கூப்பிடும். கடைசில யார் எதுக்கு வந்தாங்கன்னே தெரியாது. அப்புறம் எல்லாரும் உள்ள புகுந்து இருக்கறதையெல்லாம் எடுத்துட்டுப் போயிடுவாங்க.”

“நெசம்தான்” என்றார் மாமனார். அவருக்கு ஏதோ புரிந்த மாதிரி இருந்தது. “நம்ம பக்கம் எல்லாம் அப்படித்தான் பண்ணிடறாங்க.”

“பண்ணினவங்களுக்குத் தெரியறதில்ல மாமா. பத்து வருஷம் கழிச்சு அதைச் சுமக்கறவனுக்குத்தான் தெரியும். நான் ஒருத்தன் சுமக்கறேனே.”

பின்னால் மறுபடியும் சத்தம். இந்த முறை சீட்டைத் தட்டுகிற சத்தமும் சேர்ந்துகொண்டது. மாமனார் திரும்பிப் பார்க்காமலே, “டாக்டர் பேசக் கூடாதுன்னாங்க” என்று நினைவூட்டினார். சுத்தம் ஏரியை ஒரு முறை சுற்றி முடித்திருந்தார். மாமனார் சுற்றுக்கு ஒரு கேள்வி கேட்டார். பெயர் வைப்பது பற்றி, குறிப்பு எழுதுவது பற்றி, தேவையில்லாததை அழிப்பதில் உள்ள சுகம் பற்றி. இடையிடையே, “அந்த ஃபங்ஷன் சமாச்சாரத்தை இன்னொரு தடவை சொல்லுங்க” என்பார். வாழ்நாளில் இவ்வளவு நல்ல காது தனக்குக் கிடைத்ததில்லை என்று சுத்தம் எங்களிடம் சொன்னபோது அவர் கண் கொஞ்சம் பளபளத்தது.

சுற்றிச் சுற்றி ஒருவழியாக வீட்டு வாசலுக்கு வந்தார்கள். கார் நின்றது. மாமியார் வாயிலிருந்து பஞ்சை எடுத்தார். தாடையை இரண்டு விரலால் அசைத்துப் பார்த்தார். வேலை செய்தது.

“மாப்பிள்ளை” என்றார். “என் பொண்ணு கல்யாணத்துல நாங்க பண்ணின ஃபங்ஷன்ல என்ன குறை கண்டீங்க, அதை மொதல்ல சொல்லுங்க.”

மாமனார் தன் பக்கத்துக் கதவைத் திறந்து, யாரும் பார்க்காத மாதிரி, மெதுவாக இறங்கிப் போனார்.